ஓடும் ரயிலைக் காண வருவோர்: ஊர்ச் சங்கம் மாதிரி ரயில் கண்காட்சி நடத்தும் முறை

பிரிட்டனில் ஓர் ஊர்ச் சங்கம் பள்ளி அரங்கிலோ பொது மண்டபத்திலோ ஓரிரு நாள் நடத்தும் மாதிரி ரயில் கண்காட்சிக்கு வரும் ஆர்வலர் எதைத் தேடி வருகிறார், அதை அவருக்குக் கொடுக்க அமைப்பாளர் எதை முன்னும் எதைப் பின்னும் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். லண்டனில் 1910 இல் மாதிரி ரயில்வே சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை இத்துறையின் அறிவு பெரும்பாலும் கண்காட்சி அரங்குகளில்தான் கைமாறி வந்திருக்கிறது. பர்மிங்காமில் வார்லி சங்கம் ஆண்டுதோறும் நவம்பரில் நடத்திவந்த பெருங்கண்காட்சி 2023 உடன் நின்றுவிட்டதால், சிறிய கண்காட்சிகள் தம் வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது.

ஒரு சொல்லை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. தண்டவாளம், நிலையம், ஊர், வயல், மலை எல்லாம் பலகைத் தளத்தின் மேல் ஒன்றாக அமைந்த முழு அமைப்பை ஆர்வலர்கள் லேஅவுட் என்கிறார்கள். இனி அச்சொல்லே இங்கே ஆளப்படும்.

அளவும் கேஜும்: தேவையான அளவுக்கு மட்டும்

அளவு என்பது உண்மைப் பொருளுக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதம். கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம். பிரிட்டனில் மிகுதியாகப் புழங்கும் ஓஓ அளவில் ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்குவதால் விகிதம் 1:76.2 ஆகிறது, ஆனால் அதன் பாதை, 1:87 விகிதமுள்ள எச்ஓ அளவுக்கு உரிய 16.5 மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டது. கணக்குப்படி இது 1,257 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதைக்கே ஈடாகும்; உண்மைப் பாதையின் அகலமோ 1,435 மில்லிமீட்டர். இந்தக் குறுகலைப் பொறுக்காதவர்கள் 18.2 மில்லிமீட்டர் கேஜுள்ள ஈஎம் முறைக்கும், 18.83 மில்லிமீட்டர் கேஜுள்ள பி4 முறைக்கும் போனார்கள். இடம் குறைந்தவர்கள் 9 மில்லிமீட்டர் கேஜுள்ள என் அளவையும், பெரிய வண்டியை விரும்புவோர் 32 மில்லிமீட்டர் கேஜுள்ள ஓ அளவையும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒவ்வொரு பிரிவினரும் தம் அளவில் ஒரு லேஅவுட்டாவது இருக்குமா என்று அறிவிப்பில் தேடிப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுப்பார்கள் என்பதுதான் அமைப்பாளர் இதில் அறிய வேண்டியது.

ஆர்வலர் எதைத் தேடி வருகிறார்

முதலாவதும் மிகப் பெரியதுமான எதிர்பார்ப்பு, ரயில் ஓட வேண்டும் என்பது. இது சொல்லத் தேவையில்லாத ஒன்றாகத் தோன்றினாலும், கண்காட்சி முடிந்து வெளியேறுவோரின் முறையீடுகளில் முன்னிற்பது பெரும்பாலும் இதுவே: லேஅவுட்டின் முன் வந்து நின்றார்கள், எதுவும் அசையவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டார்கள். இயக்குவோர் தமக்குள் பேச்சில் மூழ்கியிருப்பது, தடம் புரண்ட வண்டியை எடுக்க லேஅவுட் முழுவதையும் நிறுத்துவது, உண்மை ரயில்வேயின் கால அட்டவணையை அப்படியே பின்பற்றி நெடுநேரம் காலிப் பாதையைக் காட்டுவது ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். மூன்றாவது காரணத்தைச் சிலர் நேர்மை என்று வாதிப்பார்கள். வீட்டில் அது நேர்மையாக இருக்கலாம், கட்டணம் வாங்கிய அரங்கில் அதற்கு இடமில்லை.

ஓடினால் மட்டும் போதாது, உண்மையான வேகத்தில் ஓட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கிளைப்பாதை ரயில் ஓஓ அளவில் நொடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டரே நகரும். அதாவது 5 மீட்டர் நீளமுள்ள லேஅவுட்டைக் கடக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேக விரைவு ரயிலுக்கும் அதே தூரத்துக்கு 14 நொடி வேண்டும். பல லேஅவுட்டுகளில் சரக்கு ரயில்கூட இதைவிட வேகமாகப் பறப்பதைக் காணலாம்.

இரண்டாவதாக, ஆர்வலர் கேட்க வருகிறார். அந்தச் செங்கல் சுவரை எதில் செய்தீர்கள், பாயிண்டை, அதாவது ரயிலை ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குத் திருப்பும் அமைப்பை, எந்த மோட்டார் இயக்குகிறது என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் ரயிலை ஓட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால் முதல் எதிர்பார்ப்பு கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் ஓட்டுவோரைத் தவிரப் பேசுவதற்கென்றே ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கண்காட்சியின் தரத்தை இந்த ஒரு ஏற்பாடு உயர்த்தும் அளவுக்குக் கூடுதலாக இரண்டு லேஅவுட்டுகளைச் சேர்ப்பதுகூட உயர்த்தாது.

மூன்றாவது, கடை. புதிய எஞ்சின்களை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், நுண்ணிய திருகு, சக்கரம், கம்பி, பித்தளை வார்ப்பு, பொடித்தூள், தூரிகை போன்ற, கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்களுக்காகவே ஆர்வலர் கடைகளை நாடுகிறார். பெட்டி பெட்டியாகப் புது எஞ்சின் அடுக்கிய நான்கு கடைகளைவிட உதிரிப்பொருள் விற்கும் ஒரு கடைக்குக் கூட்டம் அதிகம் சேரும்.

ரயிலைவிட நிலக்காட்சியைப் பார்க்க வருவோரும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாமில் ராய் இங்கிலாண்டு நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம், 1930களின் கிராமப்புறத்தைக் கூரை வைக்கோல் முதற்கொண்டு மாதிரியாக வடித்துக் காட்டுவது. ஜான் ஏஹெர்ன் உருவாக்கிய மேடர் வேலி லேஅவுட்டும் அங்கேயே பாதுகாக்கப்படுகிறது. அந்த மரபில் வந்தவர்கள் ஒரு வீட்டின் சன்னலை நெடுநேரம் உற்றுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நல்ல வெளிச்சமும் நெருங்கி நிற்க இடமும் கொடுத்தால் போதும்.

உட்கார நாற்காலி, சூடான தேநீர், தூய கழிப்பறை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவை குறைந்தால் நல்ல லேஅவுட்டுகளும் மறக்கப்பட்டுவிடும்.

லேஅவுட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

1. அமைப்பாளர் பிற கண்காட்சிகளுக்கு நேரில் சென்று, ஒரு லேஅவுட்டின் முன் குறைந்தது கால் மணி நேரம் நின்று, அது எத்தனை முறை நிற்கிறது என்று பார்த்த பிறகே அழைக்க வேண்டும். ஒளிப்படத்தை மட்டும் நம்பி அழைப்பது மிகப் பரவலான தவறு.

2. அளவு, காலம், வகை ஆகியவற்றைக் கலக்க வேண்டும். நீராவிக் காலத்துக் கிளைப்பாதை முனையங்கள் ஐந்து அடுத்தடுத்து நின்றால் ஐந்தாவதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

3. சிறியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ‘ரயில்வே மாடலர்’ இதழின் ஆசிரியராயிருந்த சிரில் ஃப்ரீசர் 1957 இல் வெளியிட்ட மைனோரீஸ் என்னும் வரைபடம், பரபரப்பான நகர முனையம் ஒன்றை ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்தில் அடக்கிக் காட்டியது. இன்றும் அதைத் தழுவிய லேஅவுட்டுகள் எழுகின்றன. இத்தகைய ஒன்றைப் பார்ப்பவர், தம் வீட்டிலும் இது முடியும் என்ற எண்ணத்தோடு திரும்புவார்.

4. பார்வையாளர் தாமே இயக்கக்கூடிய ஒன்றாவது இருக்க வேண்டும். இதற்கு ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நுக் சைடிங்ஸ் என்னும் ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களைப் பாதை மாற்றி அடுக்கும் புதிர், மிகப் பொருத்தம்: மூன்று கிளைப்பாதைகளில் ஒன்று ஐந்து வேகன்களையும் மற்ற இரண்டும் மும்மூன்று வேகன்களையும் கொள்ளும், எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோத்து ஒரு ரயிலாக்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720 என்பதால் நாள் முழுவதும் ஆடினாலும் சலிக்காது. சிறுவர்களைவிடப் பெரியவர்கள் இதில் அதிக நேரம் செலவிடுவதையும் எதிர்பார்க்கலாம்.

5. வாடகை வேன், எரிபொருள், தங்குமிடம் ஆகியவற்றில் சங்கம் எதை ஏற்கும் என்பதையும், லேஅவுட்டின் நீள அகலம், இயக்குவோர் எண்ணிக்கை, காப்பீட்டுக்கான மதிப்பு ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

*குறிப்பு:* நீள அகலத்தைக் கேட்கும்போது ஃபிடில் யார்டையும் இயக்குவோர் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபிடில் யார்டு என்பது காட்சிக்கு வராமல் திரைக்குப் பின்னே ரயில்களை வரிசையாக நிறுத்தி, முறை வரும்போது ஒவ்வொன்றாக அனுப்பும் இடம். பார்வையாளர் காணும் பகுதிக்குச் சமமான நீளம் இதற்கும் தேவைப்படுவதுண்டு. இதை விட்டுவிட்டுப் போட்ட அரங்க வரைபடம் காலை ஏழு மணிக்குக் கலைந்துபோகும்.

அரங்க வரைபடம்

வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை தீ விபத்தின்போது வெளியேறும் வழிகள்; அவற்றின் முன் எதுவும் வரக்கூடாது என்று கோடிட்ட பிறகே லேஅவுட்டுகளை வைக்கத் தொடங்க வேண்டும். எதிரெதிரே இரு லேஅவுட்டுகள் இருந்தால் நடுவே 3 மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும், ஏனெனில் இரு பக்கமும் இரண்டு வரிசை ஆட்கள் நிற்க, நடுவே ஒரு சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போக வேண்டியிருக்கும். கடைகளை எல்லாம் நுழைவாயிலில் குவிப்பதால் அங்கே நெரிசல் ஏற்பட்டு உள்ளே அரங்கம் வெறிச்சோடும். கடைகளையும் லேஅவுட்டுகளையும் கலந்து வைத்து, பெயர்பெற்ற லேஅவுட்டைக் கடைக்கோடியில் வைத்தால் கூட்டம் தானே பரவும்.

தளத்தின் உயரம் ஓயாத வழக்கு. நிற்கும் பெரியவரின் கண்ணுக்கு ரயிலைப் பக்கவாட்டில் காட்ட வேண்டும் என்று சிலர் தளத்தை 1.3 மீட்டர் வரை உயர்த்துகிறார்கள். அப்போது சிறுவர்க்கும் சக்கர நாற்காலியில் இருப்போர்க்கும் தெரிவது பலகையின் விளிம்பு மட்டுமே. உயரத்தை மாற்றச் சொல்லி லேஅவுட்டின் உரிமையாளரோடு போராடுவதைவிட, உயரமானவற்றையும் தாழ்ந்தவற்றையும் மாற்றி மாற்றி வைத்து, சிறுவர் ஏறி நிற்கச் சறுக்காத, அகலமான படிகளைச் சங்கமே கொடுப்பது எளிது. தடுப்புக் கயிறு பலகையிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால் பையும் சட்டைக் கையும் சிக்னலில் மாட்டாது.

மின்சாரம்: தவறக்கூடாத விதிகள்

சுவர்ச் செருகுவாயில் வருவது 230 வோல்ட். தண்டவாளத்தில் ஓடுவது பழைய முறையில் 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம். இவ்விரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்கவே கூடாது. ஆகவே மின்மாற்றிகள் தரையிலோ தனி அடுக்கிலோ மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பலகைத் தளத்துக்குக் குறைந்த அழுத்தக் கம்பி மட்டுமே ஏற வேண்டும்.

1. ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் ஆர்சிடி வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும். மின்னோட்டம் கசிந்தால், அது ஆளைத் தாக்கிக் கொல்லும் முன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இது. 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் வகையே வேண்டும்.

2. உருளையில் சுற்றிய நீட்டிப்பு வடத்தை முழுவதும் அவிழ்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே மின்சாரத்தை இழுத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி வடம் உருகித் தீப்பிடிக்கலாம். ஒரு நீட்டிப்பிலிருந்து இன்னொரு நீட்டிப்பு எடுப்பதற்கு இடங்கொடுக்கக் கூடாது.

3. இரண்டு மின்மாற்றிகளின் மாறுமின் வெளியீடுகளை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அப்படி இணைத்தபின் ஒன்றின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினால், மற்றதன் மின்சாரம் அதற்குள் பின்வழியாக நுழைந்து உயர்ந்து, கையில் இருக்கும் செருகியின் முனைகளில் உயிரைப் பறிக்கும் அழுத்தமாக நிற்கும். இது அனுபவசாலிகளும் அறியாமல் செய்யும் தவறு.

4. டிசிசி என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் முழு அழுத்தம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் உள்ள டிகோடர் என்னும் சிறு சுற்று, தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரை இயக்கும். இதன் மின்வழங்கி பல ஆம்பியர் தரவல்லது என்பதால் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பெட்டியின் சக்கரமே உருகக்கூடும். சோதனை எளிது: தண்டவாளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களின் மேலும் படுமாறு ஒரு நாணயத்தை வைக்க, மின்வழங்கி அக்கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பகுதிக்குப் போகும் கம்பி மெல்லியது, மாற்ற வேண்டும்.

5. நடைபாதையைக் குறுக்கே கடக்கும் வடங்களை ரப்பர் மூடியால் மூட வேண்டும். வெறும் ஒட்டுநாடா பிற்பகலுக்குள் உரிந்துவிடும்.

மின்சாதனங்கள் தகுதியுள்ளவரால் சோதிக்கப்பட்டதற்கான ஒட்டுச்சீட்டைப் பல அரங்கங்கள் கேட்கும். சங்கத்தின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கையில் இருக்க வேண்டும். செய்முறை விளக்க மேசைகளில் பற்றவைப்புக் கோலின் புகை பார்வையாளர் பக்கம் வீசாமலும், கத்தி அலகுகள் மூடிய பெட்டியிலேயே சேருமாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திறக்கும் நாளின் ஒழுங்கு

1. குளிர்ந்த வேனிலிருந்து இறங்கிய பலகைகளை அரங்கின் வெதுவெதுப்புக்குப் பழகவிட வேண்டும். உடனே பூட்டி ஓட்டினால் உலோகம் விரிந்து, மூட்டுகளில் இடைவெளி அடைபட்டு, தண்டவாளம் வளைந்து எழக்கூடும்.

2. பலகைகளைப் பூட்டி, மட்டம் பார்த்து, அதன் பிறகே கம்பிகளை இணைக்க வேண்டும்.

3. தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இது எளிதில் தீப்பற்றும் திரவம். காற்றோட்டமுள்ள இடத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிறிதளவே பயன்படுத்த வேண்டும். எஞ்சின் சக்கரங்களையும் இதே கையோடு துடைத்துவிட வேண்டும். தண்டவாளத்தை மட்டும் துடைத்துச் சக்கரத்தை விட்டுவிட்டால் அரை மணியில் அழுக்கு திரும்பிவிடும்.

4. ஓடப்போகும் ஒவ்வொரு ரயிலையும் ஒவ்வொரு பாதையிலும் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தடம் புரளும் பெட்டியை அன்றைக்கு அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவதே உத்தமம். கூட்டத்தின் முன் பழுதுபார்க்க முயல்வது ரயிலையும் நேரத்தையும் சேர்த்து இழக்க வைக்கும்.

5. இயக்குவோர்க்கு முறை வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். நெடுநேரம் தொடர்ந்து ஓட்டியவரின் கவனம் சிதறிய பிறகே பெரும்பாலான மோதல்கள் நிகழ்கின்றன.

*குறிப்பு:* லேஅவுட்டின் முன் ஒட்டும் விளக்க அட்டை பெரிய எழுத்தில், இடம், காலம், அளவு, யார் செய்தது, எதை ஓட்டுகிறார்கள் என்ற ஐந்து செய்திகளோடு நின்றுவிட வேண்டும். அந்தக் கிளைப்பாதையின் முழு வரலாற்றையும் அட்டையில் எழுதுவோர் உண்டு. அதை வாசிப்பவர் அதை எழுதியவர் மட்டுமே.

பழைய பொருள் மேசை

பயன்படுத்திய எஞ்சின்களையும் பெட்டிகளையும் சங்கம் உரிமையாளர் சார்பாக விற்று, சிறு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்ளும் மேசைக்குத்தான் கதவு திறந்ததும் முதல் ஓட்டம் இருக்கும். இங்கே ஆர்வலர் வேண்டுவது மலிவைவிட நம்பிக்கை. ஆகவே ஒரு மீட்டர் சோதனைப் பாதையும் ஒரு கட்டுப்படுத்தியும் மேசையிலேயே இருக்க வேண்டும். வாங்குபவர் பார்க்க வேண்டியவை:

1. எஞ்சின் முன்னும் பின்னும், மிக மெதுவான வேகத்திலும் தடுமாறாமல் ஓடுகிறதா. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துள்ளினால் பல்சக்கரம் பிளந்திருக்கலாம்.

2. உலோக வார்ப்புப் பகுதிகளில் மயிரிழை வெடிப்போ உப்பலோ உண்டா. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் காலப்போக்கில் உலோகம் தானே விரிந்து நொறுங்கும். ஆர்வலர்கள் இதை மஸாக் அழுகல் என்பார்கள். இதற்கு மருந்து இல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது.

3. வண்டிகளைக் கோக்கும் கப்ளிங், படிக்கட்டு, கைப்பிடி போன்ற நுண்பகுதிகள் முழுமையாக உள்ளனவா. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் வண்டி வெளியே எழுதிய அதே வண்டிதானா.

4. உள்ளே டிகோடர் இருந்தால் அது எந்த எண்ணுக்கு அமைக்கப்பட்டுள்ளது என்பதை விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவுக் காவல்

இரண்டு நாள் கண்காட்சியில் பலரும் மறப்பது இரவு. 2019 மே மாதம் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டில், மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில்வே சங்கம் பள்ளி ஒன்றில் கண்காட்சிக்காக முந்தின நாளே அடுக்கி வைத்திருந்த லேஅவுட்டுகளை, இரவில் புகுந்த இளைஞர்கள் அடித்து நொறுக்கினார்கள். 500 பவுண்டு திரட்டலாம் என்று தொடங்கிய நிதிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தாமே லேஅவுட் கட்டுபவரான பாடகர் ராட் ஸ்டூவர்ட் 10,000 பவுண்டு கொடுத்தார். ஆனால் ஆண்டுக்கணக்கில் கையால் செய்தவற்றைப் பணம் திருப்பித் தராது. ஆகவே அரங்கின் எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் பூட்டியதை இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். சங்க உறுப்பினர் இருவராவது உள்ளேயே தங்க வேண்டும். எஞ்சின்களையும் பெட்டிகளையும் உரிமையாளர்கள் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும். காப்பீடு ஆளில்லாத இரவையும் உள்ளடக்குகிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூடும் வேளை

அறிவித்த நேரத்துக்கு முன் எந்த லேஅவுட்டும் பிரிக்கத் தொடங்கக் கூடாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் நுழைபவரும் முழுக் கட்டணம் கொடுத்தவரே. மூடியதும் முதலில் பார்வையாளர் அனைவரும் வெளியேற, அடுத்து மின்சாரம் நிற்க, அதன் பின் எஞ்சின்களும் பெட்டிகளும் அவற்றுக்குரிய அட்டைப்பெட்டிக்குள் போக, கடைசியாகவே பலகைகள் கழற்றப்பட வேண்டும். வேன்களை ஒவ்வொன்றாகக் கதவருகே அழைக்க ஓர் ஆளை நிறுத்தினால் வெளியே வாகன நெரிசலும் உள்ளே பலகை மோதலும் தவிரும். கடைசி வேன் புறப்பட்டதும் ஒருவர் தரை முழுவதையும் கைவிளக்கோடு பார்த்து, உதிர்ந்து கிடக்கும் திருகு, கப்ளிங், சக்கரம் ஆகியவற்றைப் பொறுக்கி, எந்த லேஅவுட் நின்ற இடத்தில் கிடைத்தது என்று எழுதிய உறைகளில் போட்டு, மறுநாளே உரியவர்க்கு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.